ரேடார் டிடெக்டர் எழுப்பும் ஒலிகளில் எதை நம்பலாம்? வர்ஜீனியா வழியாகப் போகும்போது என்ன செய்வது?

எடிசன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியில் எடிசன் நகரில் வசிக்கிறேன். அண்மையில் வாங்கிய பழைய காருடன், முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு ரேடார் டிடெக்டரும் (காவல்துறையின் வேகம் அளக்கும் ரேடார் அருகில் இருந்தால் எச்சரிக்கும் கருவி) சேர்ந்து வந்தது. கையேடு இல்லை. விற்றவரும் "சத்தம் போட்டால் வேகத்தைக் குறையுங்கள்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அது எப்போது, எதற்காக ஒலிக்கிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை என்பதால் கேட்கிறேன்.

மளிகைக் கடையின் தானியங்கிக் கதவருகே காரை நிறுத்தினாலே "கே" என்று காட்டிக் கத்துகிறது. டர்ன்பைக்கில் (சுங்க நெடுஞ்சாலையில்) சில சமயம் பக்கத்துத் தடத்தில் ஒரு கார் வரும்வரை அமைதியாக இருந்துவிட்டு, அந்தக் கார் விலகும்வரை ஓயாமல் ஒலிக்கிறது. ஒருமுறை ஆளரவமற்ற சாலையில் "கேஏ 34.7" என்று ஒரு நொடி மட்டும் காட்டி அடங்கியது. கொஞ்ச தூரம் போனபின், சாலையின் நடுத்திட்டில் காவல்துறைக் கார் ஒன்று நின்றிருந்தது. இன்னொரு முறை "லேசர்" என்று நீண்ட ஒலி எழுப்பியபோது, அதிகாரி ஏற்கெனவே என் காரை நேராகக் குறிவைத்துக்கொண்டிருந்தார். நான் அப்போது வரம்புக்குள்தான் சென்றுகொண்டிருந்தேன். ஆனால் அந்த எச்சரிக்கையால் என்ன பயன் என்ற கேள்வி அன்றிலிருந்து மனதில் இருக்கிறது.

இந்தக் கருவி உண்மையில் எதைக் கண்டுபிடிக்கிறது, எந்த ஒலியைப் பொருட்படுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். வரும் நீண்ட வார இறுதியில் குடும்பத்துடன் வட கரோலினாவின் கேரி நகரில் உள்ள அக்கா வீட்டுக்கு ஐ-95 நெடுஞ்சாலை வழியாகப் போகிறோம். வர்ஜீனியாவில் இது சட்டவிரோதம் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். அதுவும் உண்மையா?

நுண்ணலை எழுதியது:

வணக்கம் நண்பரே. ரேடியோ ஏற்பிகளை (ரிசீவர்களை) வடிவமைப்பது என் தொழில் என்பதால் முதல் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். சட்டத்தைப் பற்றி வர்ஜீனியாவில் இருப்பவர்கள் சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

உங்கள் காரில் இருப்பது ஒரு ரேடியோப் பெட்டி. அதற்கு உங்கள் வேகமோ, காவலர் அளந்த வேகமோ தெரியாது. குறிப்பிட்ட சில அலைவரிசைகளில் ஏதாவது ஒலிபரப்பாகிறதா என்று இடைவிடாமல் தேடுவது மட்டுமே அதன் வேலை. அமெரிக்கக் காவல்துறையின் ரேடார்கள் மூன்று அலைவரிசைப் பட்டைகளில் இயங்குகின்றன. பழைய எக்ஸ் பட்டை 10.525 கிகாஹெர்ட்ஸிலும் (ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 100 கோடி அதிர்வுகள்), கே பட்டை 24.15 கிகாஹெர்ட்ஸைச் சுற்றியும், இன்று நெடுஞ்சாலைகளில் பரவலாகப் பயன்படும் கேஏ பட்டை 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரையும் அமைந்துள்ளன. கேஏ பட்டை இவ்வளவு அகலமாக இருந்தாலும், நடைமுறையில் காவலர்களின் துப்பாக்கி வடிவ ரேடார் கருவிகளில் பெரும்பாலானவை 33.8, 34.7, 35.5 ஆகிய மூன்று இடங்களை ஒட்டியே ஒலிபரப்புகின்றன. நீங்கள் பார்த்த 34.7 அவற்றில் ஒன்று.

காவலரின் ரேடார் ஒரு அலையை அனுப்பி, அது உங்கள் காரில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறது. இதுவே டாப்ளர் விளைவு. மணிக்கு 70 மைல் வேகத்தில் நேராக வரும் காரில் கே பட்டை அலை பட்டுத் திரும்பினால், நொடிக்கு 2,415 கோடி அதிர்வுகள் கொண்ட அந்த அலையில் ஏறத்தாழ 5,000 அதிர்வுகள் மட்டுமே கூடியிருக்கும். இத்தனை சிறிய மாற்றத்தை அளப்பதற்கு, திரும்பி வரும் எதிரொலி ஓரளவு தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் டிடெக்டருக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. அலை ஒருவழியாக வந்து சேர்ந்தாலே அதற்குப் போதும். இருட்டில் கைவிளக்குடன் வருபவர் கண்ணுக்கு வழியில் நிற்பவர் புலப்படுவதற்கு வெகு முன்பே, நிற்பவர் அந்த விளக்கைப் பார்த்துவிடுவார் அல்லவா, அதுபோலத்தான். தூரம் இருமடங்கானால் டிடெக்டரை வந்தடையும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது, காவலருக்குத் திரும்பும் எதிரொலியோ பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. டிடெக்டர் என்ற பொருள் பயனுள்ளதாக இருப்பதற்கு அடிப்படைக் காரணம் இந்த வேறுபாடுதான்.

உள்ளே நடப்பது இதுதான். முகப்பில் உள்ள சிறிய கொம்பு வடிவ ஆன்டெனா அலைகளைத் திரட்டுகிறது. கருவிக்குள்ளேயே இருக்கும் ஒரு அலையியற்றி தன் அதிர்வெண்ணை மேலும் கீழுமாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அலையும் உள்ளே பிறக்கும் அலையும் ஒரு கலப்பானில் சேரும்போது, இரண்டின் வித்தியாசம் ஒரு குறைந்த அதிர்வெண்ணாக வெளிப்படுகிறது. அந்த வித்தியாசம் எதிர்பார்த்த மதிப்பை எட்டும் கணத்தில் உள் அலையியற்றி எங்கே இருந்தது என்று பார்த்தால், வெளி அலையின் அதிர்வெண் கிடைத்துவிடும். திரையில் 34.7 என்று தெரிந்தது இப்படித்தான். இதற்கு சூப்பர்ஹெட்ரோடைன் முறை என்று பெயர். எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1918-இல் வகுத்த இந்த முறையில்தான் வீட்டு வானொலிகளும் நெடுங்காலம் இயங்கின.

இதன் வரலாறும் சுவையானது என்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1974-இல் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்ற வரம்பு வந்தபோது டிடெக்டர்களின் விற்பனை சூடுபிடித்தது. அக்காலத்து ஃபஸ்பஸ்டர் போன்றவை எளிய டையோடு ஏற்பிகள். 1978-இல் சின்சினாட்டி மைக்ரோவேவ் நிறுவனம் எஸ்கார்ட் என்ற பெயரில் சூப்பர்ஹெட்ரோடைன் டிடெக்டரைக் கொண்டுவந்தது, எட்டும் தூரம் ஒரே தாவலில் பெருகியது. அந்நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மைக் வேலன்டைன் பிறகு தனியே 1992-இல் வெளியிட்ட வேலன்டைன் ஒன், முன்னும் பின்னும் ஆன்டெனா வைத்து, அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அம்புக்குறியால் காட்டியது. ஆபத்து முன்னே இருக்கிறதா, கடந்து போய்விட்டதா என்று தெரிவது எத்தனை பெரிய வசதி என்பது அதைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்.

இனி உங்கள் ஒலிகளுக்கு வருவோம். கடைக் கதவின் மேலே இருக்கும் அசைவு உணரியும் ஒரு சிறிய ரேடார்தான். அது எக்ஸ் அல்லது கே பட்டையில் ஒலிபரப்புவதால், டிடெக்டர் சொல்வது பொய்யல்ல, காவல்துறைக்குச் சம்பந்தமில்லாத மெய். பக்கத்துத் தடத்தில் வந்த கார் உங்களைத் தொந்தரவு செய்ததற்குக் காரணம், அதன் பின்பக்க பம்பருக்குள் இருக்கும் குருட்டுப்புள்ளி எச்சரிக்கை ரேடார். அவற்றில் பல 24 கிகாஹெர்ட்ஸில், அதாவது கே பட்டையில் இயங்குகின்றன. புதிய கார்களில் இவை 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவருகின்றன, டிடெக்டர் அந்தப் பக்கம் காது கொடுப்பதே இல்லை. சாலையோரத்தில் உங்கள் வேகத்தைக் காட்டும் பலகைகளும் பெரும்பாலும் கே பட்டையில்தான் இருக்கின்றன. ஜிபிஎஸ் உள்ள டிடெக்டர்கள் ஒரே இடத்தில் ஒரே அதிர்வெண் திரும்பத் திரும்ப வந்தால் அதை மனத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அந்த இடத்தில் மௌனமாகிவிடும். உங்களுடையதில் அந்த வசதி உள்ளதா என்று பாருங்கள்.

எடிசன்வாசி எழுதியது:

மிகத் தெளிவான விளக்கம், மிக்க நன்றி ஐயா. இரண்டு சந்தேகங்கள். நுண்ணலை நேர்க்கோட்டில் செல்லும் என்றால், காவலர் வளைவுக்கு அப்பால் இருக்கும்போதே ஒலிப்பது எப்படி? அந்த ஒரு நொடி கேஏ ஒலியை நான் எப்படிப் புரிந்துகொள்வது?

நுண்ணலை எழுதியது:

இரண்டுக்கும் ஒரே விடைதான். ரேடார் கற்றை ஏறத்தாழ 12 பாகை விரிந்து செல்கிறது. அப்படியானால் 300 மீட்டர் தொலைவில் அதன் அகலம் 60 மீட்டருக்கும் மேல் இருக்கும். அந்த அகலத்தில் பெயர்ப்பலகைகள், லாரிகள், பாலத்தின் இரும்பு என்று எது பட்டாலும் அலை சிதறும். சிதறிய மிச்சத்தைத்தான் நீங்கள் வளைவுக்கு இந்தப் பக்கம் கேட்கிறீர்கள்.

காவலர் ரேடாரை இடைவிடாமல் இயக்கிக்கொண்டிருந்தால், ஒலி மெல்லத் தொடங்கி, நெருங்க நெருங்க விரைவாகும். "டிக்... டிக்..." என்பது "டிக்டிக்டிக்" ஆக மாறும் அந்த ஏற்றமே தொலைவைச் சொல்லிவிடும். ஆனால் அனுபவமுள்ள அதிகாரிகள் ரேடாரை ஒலிபரப்பில்லாத காத்திருப்பு நிலையில் வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட கார் நெருங்கியதும் மட்டும் பொத்தானை அழுத்துவார்கள். அளவை ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும். அந்தக் கார் உங்களுடையதாக இருந்தால், முதல் ஒலியே முழு வேகத்தில், முழு வலிமையில் வரும். அப்போது பிரேக்கை மிதிப்பதற்குள் அளவை முடிந்திருக்கும். அந்தக் கார் உங்களுக்கு ஒரு மைல் முன்னே போகும் வேறொருவருடையதாக இருந்தால், அவர்மேல் பட்டுச் சிதறியதில் ஒரு துளி மட்டும் உங்களுக்கு வந்து, ஒரு நொடி ஒலித்து அடங்கும்.

நீங்கள் கேட்டது அந்தத் துளிதான். ஒரு டிடெக்டர் தரக்கூடிய எச்சரிக்கைகளில் மிக மதிப்புள்ளது அதுவே என்பது என் உறுதியான கருத்து. நீண்ட நேரம் கத்தும் கே ஒலியைக் கேட்டுப் பதறுபவர்கள், ஒரே ஒரு முறை மெலிதாக ஒலிக்கும் கேஏ-வை "ஏதோ கோளாறு" என்று விட்டுவிடுகிறார்கள். கதவுகளும் கார்களும் கேஏ பட்டையைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே அந்தப் பட்டையில் வரும் ஒலியை, குறிப்பாக மேலே சொன்ன மூன்று அதிர்வெண்களை ஒட்டி வருவதை, எத்தனை சிறியதாக இருந்தாலும் பொருட்படுத்துங்கள். வேறொரு மலிவான டிடெக்டரின் உள் அலையியற்றி கசிந்தும் கேஏ ஒலி எழுவதுண்டு, ஆனால் அது அரிது.

ஒளியியல்_மாணவி எழுதியது:

லேசரைப் பற்றி இதுவரை யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். பலரும் ரேடாரையும் லேசரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அளக்கும் முறையே இரண்டிலும் வேறு.

லேசர் துப்பாக்கி டாப்ளர் விளைவைப் பயன்படுத்துவதில்லை. 904 அல்லது 905 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மிகக் குறுகிய துடிப்புகளாக, நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்பும் போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கிறது. 300 மீட்டர் தொலைவில் உள்ள கார் என்றால், அந்த நேரம் ஒரு நொடியின் 10 லட்சத்தில் 2 பங்கு. நேரம் தெரிந்தால் தூரம் தெரியும். துடிப்புக்குத் துடிப்பு தூரம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் வேகம் தெரியும். மணிக்கு 70 மைல் வேகத்தில் வரும் கார் 0.3 நொடியில் 9 மீட்டருக்கு மேல் நெருங்கிவிடுகிறது. அந்தச் சிறு இடைவெளியில் கிடைக்கும் பல பத்துத் தூர அளவுகளே வேகத்தைத் துல்லியமாகச் சொல்லப் போதுமானவை.

ரேடார் கற்றை 300 மீட்டரில் 60 மீட்டர் அகலம் என்று நுண்ணலை அவர்கள் எழுதினார். லேசர் கற்றை அதே தொலைவில் ஏறத்தாழ 1 மீட்டர்தான். அதிகாரி அதை நன்றாகப் பிரதிபலிக்கும் எண் பலகையையோ முகப்பு விளக்கையோ நோக்கிப் பிடிப்பார். உங்கள் டிடெக்டரோ மேலே, முன்கண்ணாடியின் பின்னால் இருக்கிறது. கற்றையின் ஓரம் அதைத் தொடலாம், தொடாமலும் போகலாம். சில கார்களின் முன்கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் படலம் பூசியிருப்பார்கள், அதில் அகச்சிவப்பு ஒளி இன்னும் மங்கிவிடும். முன்னே செல்லும் கார்மேல் பட்டுச் சிதறி உங்களை வந்தடையும் ஒளியும் மிகக் குறைவு.

எனவே "லேசர்" என்ற நீண்ட ஒலி கேட்கிறது என்றால், பெரும்பாலும் அந்தக் கற்றை உங்கள் கார்மீதே இருக்கிறது, அளவையும் முடிந்துவிட்டது என்றுதான் பொருள். உங்கள் அனுபவம் விதிவிலக்கல்ல, அதுதான் இயல்பு. டிடெக்டரின் பெட்டியில் "லேசர் பாதுகாப்பு" என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் காசு கொடுப்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உள்ளே ஒளி உணரி இருப்பது உண்மைதான். ஆனால் அது முன்னெச்சரிக்கை தராது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த அலையும் ஒலிபரப்பாத இடத்தில் டிடெக்டருக்குக் கேட்க எதுவுமில்லை. பின்னாலேயே அதே வேகத்தில் வந்து அளக்கும் காவல்துறைக் கார், சாலையில் போட்ட இரு கோடுகளுக்கு இடையே கடிகாரம் பார்த்து அளக்கும் முறை, மேலே பறக்கும் விமானத்திலிருந்து அளப்பது ஆகியவற்றுக்கெல்லாம் அது மௌனமாகவே இருக்கும்.

ரிச்மண்ட்_தமிழன் எழுதியது:

எடிசன்வாசி அவர்களுக்கு, உங்கள் அலுவலக நண்பர் சொன்னது முற்றிலும் உண்மை. நான் வர்ஜீனியாவில் பல காலமாக இருக்கிறேன். வெளி மாநிலத்திலிருந்து வரும் நம்மவர்கள் இந்த ஒரு விஷயத்தில் அறியாமல் மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்க மாநிலங்களில் வர்ஜீனியா மட்டுமே சாதாரணக் கார்களிலும் ரேடார் டிடெக்டரைத் தடை செய்துள்ளது. வாஷிங்டன் டிசியிலும் தடை உண்டு. 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வணிக வாகனங்களுக்குக் கூட்டரசின் விதியே நாடு முழுவதும் தடை விதிக்கிறது, ராணுவ முகாம்களுக்குள்ளும் அனுமதியில்லை. உங்கள் வழியில் உள்ள நியூ ஜெர்சி, டெலவேர், மேரிலாந்து, வட கரோலினா ஆகிய மாநிலங்களில் சொந்தக் காரில் வைத்திருக்கத் தடையில்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன் தவிர மற்ற மாகாணங்களில் தடை இருப்பதால், டொரண்டோ பக்கம் போகும்போதும் இதை நினைவில் கொள்ளுங்கள்.

வர்ஜீனியாச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கருவி காரில் இருந்ததே குற்றத்துக்கு முகாந்திரம். அது வேலை செய்யும் நிலையில் இருந்தது என்றோ, ஓடிக்கொண்டிருந்தது என்றோ அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. "அணைத்துத்தான் வைத்திருந்தேன்" என்ற வாதம் அங்கே எடுபடாது. ஆனால் அதே சட்டம் ஒரு விலக்கும் தருகிறது. கருவிக்கு மின்சாரம் எங்கிருந்தும் வராமலும், ஓட்டுநருக்கோ உடன் பயணிப்பவருக்கோ எளிதில் எட்டாமலும் இருந்தால் குற்றமில்லை. இரண்டும் ஒருசேரப் பொருந்த வேண்டும். முன்பெட்டிக்குள் போட்டு மூடுவது போதாது, கை நீட்டினால் எட்டிவிடுமே. கம்பியைக் கழற்றிவிட்டு டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் வைத்துவிடுவதே சரி.

காவலர் பார்த்தால்தானே என்று நினைப்பவர்களும் உண்டு. நுண்ணலை அவர்கள் சொன்ன அந்த உள் அலையியற்றி கொஞ்சம் அலையை வெளியேயும் கசியவிடுகிறது. அதைப் பிடிப்பதற்கென்றே டிடெக்டர்களைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இருக்கின்றன, வர்ஜீனியாக் காவல்துறையினர் அவற்றைப் பயன்படுத்தி வந்துள்ளனர்.

டிடெக்டரைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இங்கே உண்டு. வர்ஜீனியாவில் வரம்புக்கு 20 மைல் கூடுதலாகவோ, வரம்பு எதுவாக இருந்தாலும் மணிக்கு 85 மைலுக்கு மேலோ ஓட்டினால் அது வெறும் டிக்கெட் அல்ல. "பொறுப்பற்ற ஓட்டுதல்" என்ற குற்றவியல் வழக்காகிவிடும். அதிகபட்சத் தண்டனை 12 மாதச் சிறையும் 2,500 டாலர் அபராதமும் ஆகும். 70 மைல் வரம்புள்ள நெடுஞ்சாலையில் 86-ஐத் தொட்டாலே போதும். விசாவில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் குற்றப் பதிவு பற்றிய கேள்விக்குப் பிறகு பல படிவங்களில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எடிசன்வாசி எழுதியது:

இத்தனை விளக்கமாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக ஒன்று. எந்த இடத்தில் கழற்றுவது பாதுகாப்பு? வர்ஜீனியா எல்லையில் ஓடும் பொட்டோமாக் ஆற்றைத் தாண்டியதும் ஏதாவது நிறுத்தத்தில் செய்யலாமா? அலைகளைக் குழப்பும் ஜாமர்கள் என்று விளம்பரம் பார்த்தேன். அவை இதற்கு மாற்றாகுமா?

ரிச்மண்ட்_தமிழன் எழுதியது:

ஆற்றைத் தாண்டியபின் என்றால் காலம் கடந்துவிடும். ஐ-95 ஆற்றைக் கடக்கும் உட்ரோ வில்சன் பாலத்தின் ஒரு சிறு துண்டு டிசியின் எல்லைக்குள் வருகிறது, பாலம் இறங்கினால் வர்ஜீனியா. பால்டிமோருக்கு முன்பே மேரிலாந்து ஹவுஸ் என்ற பெரிய ஓய்விடம் வரும். குழந்தைகளுக்காக எப்படியும் அங்கே நிறுத்துவீர்கள். அப்போதே கம்பியோடு கழற்றி டிக்கியில் வைத்துவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பிடிப்பானையும் எடுத்துவிடுவது நல்லது, ஏனெனில் வெறும் பிடிப்பானைப் பார்த்தால் அதிகாரி கேள்வி கேட்கக்கூடும். பீட்டர்ஸ்பர்கில் ஐ-85-க்கு மாறி, வட கரோலினா எல்லையைத் தாண்டியபின் வேண்டுமானால் மீண்டும் மாட்டிக்கொள்ளலாம்.

ஜாமரின் பக்கமே போகாதீர்கள். ரேடார் ஜாமர் என்பது உரிமமின்றி அலையை ஒலிபரப்பிக் குறுக்கிடும் கருவி. அதைப் பயன்படுத்துவது எல்லா மாநிலங்களிலும் கூட்டரசின் சட்டப்படி குற்றம். லேசர் ஜாமர் ஒளியைப் பயன்படுத்துவதால் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் டெக்சஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் தனியே தடை செய்துள்ளன. வர்ஜீனியாச் சட்டமும் டிடெக்டரோடு சேர்த்து, வேக அளவையில் குறுக்கிடும் கருவி எதையும் தடை செய்கிறது.

கேரியில் இருந்து திரும்பி வரும்போதும் எல்லைக்கு முன்பே கழற்ற வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். போகும்போது நினைவில் வைத்திருப்பவர்கள், வரும்போது களைப்பில் விட்டுவிடுவதுண்டு.